புகையாத குச்சி

என் மனைவிக்கு மூச்சு இழுப்பு வருவதற்கு முன்னால் ஒரு சின்னச் சத்தம் வரும். யாரோ சீட்டி அடிக்க முயன்று, வராமல் விட்டுவிட்டதுபோல் இருக்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும். கல்யாணமான புதிதில் அவளும் உப்பளத்தில் கூடை தூக்கியவள்தான். அப்போது இந்தச் சத்தம் இல்லை. பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியில் போன பிறகு, ஒரு பனிக்காலத்தில் தொடங்கியது. அதிலிருந்து நான் எந்த வேலையில் இருந்தாலும் ஒரு காது அவள் பக்கமே இருக்கும்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார், வாயில் வைத்து அழுத்தி இழுக்கும் பம்ப் கொடுத்தார், கடைசியில் என்னைப் பார்த்து, “இவங்க அடுப்புப் புகை பக்கமே போகக்கூடாது” என்றார். அவர் சொன்னது அவளுக்கு. பயம் வந்தது எனக்கு.

நான் இயல்பிலேயே பயந்தவன், கூச்சக்காரன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் “நிறுத்துங்க” என்று சொல்ல வாய் வராது. வேறு யாராவது இறங்கினால் நானும் இறங்குவேன். இல்லாவிட்டால் அடுத்த ஊர்வரை போய்த் திரும்பி நடந்து வருவேன். அப்படிப்பட்டவன் கையில் ஒருத்தியின் மூச்சைக் கொடுத்துப் பார்த்துக்கொள் என்றால் எப்படி இருக்கும்?

வீட்டில் கேஸ் இருந்தது. ஒருநாள் ரெகுலேட்டர் பக்கத்தில் குப்பென்று தீப்பிடித்து, நான் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ட்யூபை மாற்றினோம். ஆனால் அன்றிலிருந்து அவள் அந்த அடுப்புப் பக்கம் போகவில்லை. நான் பற்ற வைத்தாலும் தெருவில் போய் நின்றுகொள்வாள். கரண்ட் அடுப்பு வாங்கலாம் என்றால் எங்கள் தெருவில் மழைக்காலத்தில் கரண்ட் வருவதே விருந்தாளி மாதிரிதான். அவளுக்குக் கேஸ் என்றால் பயம், எனக்குப் புகை என்றால் பயம். இரண்டுக்கும் நடுவில் சோறு வேக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சான், அவளுடைய தம்பி, அந்த அடுப்பைக் கொண்டுவந்தான். அவன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பரோட்டாக் கடையில் மாஸ்டர். பைக்கின் முன்னால் வைத்துக் கட்டி எடுத்து வந்து, வாசலில் இறக்கினான். பார்க்க எவர்சில்வர் குடம் மாதிரி பளபளவென்று இருந்தது.

“மாமா, இத்தப் பாரு. எங்க கடையில பெருசு இருக்குது. இது ஊட்டுக்கு. விறகு வோணாம், கேஸ் வோணாம். குச்சியக் கொட்டிப் பத்த வச்சா போதும். புகையே வராது.”

“புகை வராத நெருப்பு எங்கடா இருக்குது?” என்றாள் என் மனைவி.

“உனுக்கு இழுக்குதுன்னுதானேக்கா தூக்கியாந்தேன். அடியில சின்ன ஃபேன் இருக்குது. அது காத்து அடிக்கும், புகையும் சேந்து எரிஞ்சிடும். செல்போன் மாதிரி சார்ஜ் போட்டு வச்சிக்கணும், அவ்ளோதான்.”

“அடுப்புக்கும் சார்ஜா? உங்க மாமாவுக்கே தினமும் நான்தான்டா சார்ஜ் போட்டு அனுப்புறேன்.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் “புகையே வராது” என்ற வார்த்தையை நான் விடவில்லை. அன்று முழுவதும் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுப்புக்குள் சுற்றிலும் ஓட்டை போட்ட ஒரு இரும்புக் கிண்ணம். அதில் பெல்லட்டைக் கொட்ட வேண்டும். மரத்தூளையோ வேர்க்கடலைத் தொலியையோ இடித்து, மிஷினில் அழுத்தி, சுண்டுவிரல் பருமனில் துண்டு துண்டாக வருவது. நாங்கள் அதைக் குச்சி என்றே சொன்னோம். மேலே கொஞ்சம் தேங்காய்நாரும் ஒரு கற்பூரமும் வைத்துப் பற்ற வைத்து, ஃபேனைத் திருகினால் கேஸ் அடுப்புப் போலவே நின்று எரியும். பின்கட்டில் தகரக் கொட்டகைக்குக் கீழே வைத்து நானே சமைக்கத் தொடங்கினேன். அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்து உப்பு, புளி சொல்லுவாள்.

குச்சி வாங்கக் கூனிமேட்டுக்குப் போனேன். அங்கே தவிடு, புண்ணாக்கு விற்கும் பாய் ஒருவர் கடையில் கிடைக்கும் என்று மச்சான் சொல்லியிருந்தான். கடையில் இரண்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்றேன். அவர்கள் போனார்கள், வேறு மூன்று பேர் வந்தார்கள். பாயே கூப்பிட்டார்.

“ஏம்பா, பொண்ணு பாக்க வந்த மாதிரி எவ்ளோ நேரம் நிப்ப? இன்னா வோணும்?”

“குச்சி.”

“எந்தக் குச்சி? சவுக்குத் தூள்ல பண்ணதா, மல்லாட்டைத் தொலியில பண்ணதா?”

இரண்டு இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. எது நல்லது என்று கேட்டிருக்கலாம். பின்னால் ஆட்கள் நின்றார்கள். வாய் வரவில்லை.

“ரெண்டுலயும் கொஞ்சம் எடுத்துட்டுப் போ. எரிச்சுப் பாரு. உன் அடுப்பு எத்த கேக்குதோ அத்தப் போடு” என்று அவரே இரண்டு கவரில் கட்டிக் கொடுத்தார்.

உப்பளத்தில் வேலை முடிந்து வந்ததும் பின்கட்டில் அதே வேலையாக இருந்தேன். சவுக்குக் குச்சி வெளிர் நிறம், மேலே வழவழப்பு, மூக்கில் வைத்தால் மர மில் வாசனை. ஒடித்தால் டக்கென்று ஒடியும். மல்லாட்டைக் குச்சி கொஞ்சம் கறுப்பு, சொரசொரப்பு, வறுத்த கடலை வாசனை. ஒரே பாத்திரம், ஒரே அளவு தண்ணீர். இரண்டையும் தனித்தனியாக எரித்துப் பார்த்தேன். மல்லாட்டை பற்றும்போது கொஞ்சம் புகைந்தது, பிறகு நின்றது. அதன் சாம்பல் அடியில் கட்டி கட்டியாக உறைந்திருந்தது. அதைக் கம்பியால் குத்தி எடுக்க வேண்டும். சவுக்கு உடனே பற்றியது. அடியில் நீலமாக எரிந்தது. சாம்பல் திருநீறு மாதிரி இருந்தது.

ஆனால் நான் உண்மையில் பார்த்தது நெருப்பை அல்ல. படியில் உட்கார்ந்திருந்தவளின் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இன்னாய்யா, அடுப்பப் பாக்கச் சொன்னா என் மூஞ்சியவே பாக்குற?”

“ஒண்ணுமில்ல. இழுக்குதா?”

“பசிதான் இழுக்குது. சோறு எப்போ ஆவும்?”

சவுக்கு என்று முடிவு செய்தேன். மழைக்கு முன்னால் மூட்டையாகவே வாங்கிவிட்டேன். பைக்கில் கொண்டுவரும்போது கடைக்காரரின் மெல்லிய பை கிழிந்து வழியெல்லாம் சிந்தியது. வீட்டுக்கு வந்ததும் உப்புச் சாக்கு ஒன்றை உதறி, அதில் கொட்டி, வாயைக் கட்டி, கொட்டகையில் செங்கல் மேல் ஏற்றி வைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. உப்பளம் நின்றுவிட்டது. பாத்திகள் எல்லாம் மழைத் தண்ணீரில் மூழ்கி, உப்புக் குவியல்கள் மட்டும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றன. எனக்கு வேலை இல்லை. நாள் முழுவதும் வீடுதான், அடுப்புதான், அவள்தான்.

கொஞ்ச நாளில் அடுப்பு மாறத் தொடங்கியது. முதலில் சத்தம். பற்ற வைத்ததும் சடசடவென்று பொரியும். பிறகு நிறம். அடியில் இருந்த நீலம் போய், நெருப்பு முழுவதும் மஞ்சளாக எரிந்தது. அதற்கப்புறம் புகை. மெல்லிசாக, வெள்ளையாக, கண்ணைக் கரிக்கும் புகை.

பக்கத்து வீட்டுப் பெண் வேலி மேலாக எட்டிப் பார்த்தாள்.

“இன்னாண்ணா, தெனமும் சுத்திப் போடுறீங்களா? உப்பு மொளகா வெடிக்கிற மாதிரி சடசடங்குது. அக்கா மேல அவ்ளோ கண்ணா?”

“ஆமா, கண்ணுதான்” என்றாள் என் மனைவி படியிலிருந்து. “உன் கண்ணுதான். நீ உள்ள போனா வெடிக்கறது நின்னுடும், பாரு.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவளுக்கு அந்தச் சின்னச் சத்தம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கவனிக்கவில்லை. நான் அடுப்பை அப்படியே தூக்கி வேலி ஓரம் வைத்தேன். அன்று பழைய சோறுதான் சாப்பிட்டோம்.

அன்று முதல் எனக்கு நிம்மதி போனது. அவள் இருமினால் எழுந்து உட்காருவேன். அவள் இருமாவிட்டால் ஏன் இருமவில்லை என்று உட்காருவேன். மச்சானுக்குப் போன் செய்தேன். “குச்சி நமுத்துப் போயிருக்கும் மாமா, வெயில்ல போடு” என்றான். வெயில் எங்கே இருந்தது?

சமையலறை அலமாரியில் அந்த முதல் நாள் மல்லாட்டைக் குச்சி கொஞ்சம் மீதி இருந்தது, பாய் கட்டிக் கொடுத்த அதே கவரில். அதைப் போட்டு எரித்தேன். சத்தம் இல்லை. புகை இல்லை. அடியில் நீலம்கூடத் தெரிந்தது. எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. தப்பு சவுக்கில்தான், மழைக்காலத்துக்கு மல்லாட்டைதான் சரி, அதில் எண்ணெய்ப் பசை இருக்கும், ஈரம் ஏறாது என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

மறுபடி கூனிமேடு. பாய் என்னைப் பார்த்ததும், “போன தடவ சவுக்குதான் ராஜான்ன மாதிரி தூக்கினு போன. இப்ப இன்னா, மல்லாட்டை?” என்றார்.

தலையை ஆட்டினேன். புகைகிறது என்று சொன்னால் அவர் சரக்கைக் குறை சொன்னதுபோல் ஆகுமே என்று இருந்தது.

“எதுவோ, எரிஞ்சா சரி. நனையாம வச்சிக்கப்பா” என்றார்.

நனையாமல்தான் வைத்தேன். உப்புச் சாக்கில் நல்ல சாக்காக, புதிதாக வந்ததாகப் பார்த்து எடுத்து, அதில் கொட்டிக் கட்டி, இந்த முறை வீட்டுக்குள்ளேயே வைத்தேன்.

பிறகு புயல் வந்தது. வரும் என்று இரண்டு நாளாகப் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். காலையிலிருந்தே காற்று. கரண்ட் போய்விட்டது. பின்கட்டுத் தகரம் ஒரு பக்கம் பெயர்ந்து, தட்டிக்கொண்டே இருந்தது. மத்தியானம் ஆகியும் அடுப்புப் பற்ற வைக்க வெளியே இடம் இல்லை. அவள் மாத்திரை போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் வாந்தி வரும். கஞ்சியாவது வைக்க வேண்டும்.

“கேஸ்ல வச்சிடறேன். கொஞ்ச நேரம்தான்” என்றேன்.

“இந்தக் காத்துல கேஸா? நான் தெருவுல போய் நிக்கவும் முடியாது. உள்ள இருந்து சாவறதா?”

“அப்போ இந்த அடுப்ப உள்ள கொண்டாரட்டா? மல்லாட்டைதான். புகையாது.”

“புகையாதுன்னா கொண்டா.”

என்னை நம்பித்தான் சொன்னாள். கொண்டுவந்து சமையலறைத் தரையில் வைத்தேன். கதவு சாத்தியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் சாரல் அரிசி டப்பாவரை அடித்தது. அவளே எழுந்து ஜன்னலையும் சாத்தினாள்.

சாக்கை அவிழ்த்துக் கையைவிட்டபோது குச்சிகள் சில்லென்று இருந்தன. சில கையோடு உதிர்ந்தன. அடியில் நிறையத் தூள். இருட்டில் சரியாகத் தெரியவில்லை. கிண்ணத்தில் கொட்டிப் பற்ற வைத்தேன். சடசடவென்று பொரிந்தது. மல்லாட்டையும் பொரிகிறதே என்று நினைத்தேன். கஞ்சிப் பாத்திரத்தை ஏற்றிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஃபேன் சத்தம் இழுத்தது. தூள் ஓட்டையை அடைத்திருக்கும், சார்ஜும் இறங்கியிருக்கும். நெருப்பு படுத்து, வெள்ளைப் புகை எழுந்தது.

“இன்னாய்யா இது?” என்று அவள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

ஊதினேன். கம்பியால் குத்தினேன். ஒருவழியாகப் புகை நின்றது. கிண்ணம் நிறையச் சிவந்த கங்கு மட்டும் இருந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. கங்கின் சூட்டிலேயே கஞ்சி வெந்துவிடும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே காற்று ஊளையிட்டது. உள்ளே சூடாக, அமைதியாக இருந்தது. தலை லேசாகக் கனத்தது. பயந்ததில் வந்த தலைவலி என்று நினைத்தேன்.

“எனுக்கு மண்ட கனமா இருக்குது. செத்த படுக்கறேன்” என்றாள் கூடத்திலிருந்து.

“படு. கஞ்சி ஆனதும் எழுப்பறேன்.”

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. என் காது வழக்கம்போல் அவள் பக்கம் இருந்தது. புகைக்குப் பிறகு அந்தச் சின்னச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டே கங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அது கேட்கவில்லை. அப்பாடா, அடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

எப்போது கண் அசந்தேனோ, ஏதோ ஒன்று என்னை எழுப்பியது. எழுந்தபோது கால் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அவள் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். கூப்பிட்டேன். கண்ணைத் திறக்க முயன்றாள், திறக்கவில்லை. உதடு கறுத்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. ஆனால் சத்தம் இல்லை. சத்தம் வரும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை.

கதவைத் திறந்தேன். காற்று அதைப் பிடுங்கிச் சுவரில் அறைந்தது. அவளை அக்குளில் கை கொடுத்து இழுத்து வாசல் தாழ்வாரத்தில் சாய்த்தேன். பம்பை வாயில் வைத்து அழுத்தினேன். பாதி வெளியே போனது. மறுபடி அழுத்தினேன். மழை அவள் முகத்தில் அடித்தது. ஒரு இழுப்பு இழுத்தாள். அப்புறம் இன்னொன்று. அந்தச் சீட்டிச் சத்தம் திரும்பி வந்தது. எந்தச் சத்தத்துக்கு வருஷக்கணக்காகப் பயந்தேனோ, அது வந்ததும் எனக்கு அழுகை வந்தது.

உள்ளே ஓடி, லுங்கியைச் சுருட்டிப் பிடித்து, அடுப்பைக் கஞ்சிப் பாத்திரத்தோடு தூக்கிப் பின்கட்டில் எறிந்தேன். பிறகு ரோட்டுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணை அவள் பேர் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அன்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினேன். அவள் ஓடிவந்து என் மனைவியைத் தோளில் தாங்கிக்கொண்டாள். ரோட்டில் ஒரு வண்டி இல்லை. தூரத்தில் ஒரு லோடு ஆட்டோ வெளிச்சம் தெரிந்தது. நான் ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டேன். பிரேக் போட்டு, வழுக்கி, பக்கத்தில் வந்து நின்றது.

“யோவ், சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?” என்றான் டிரைவர்.

“நிறுத்துங்க” என்றேன். அது நின்ற பிறகும் “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்றே சொல்லிக்கொண்டிருந்தேனாம். பக்கத்து வீட்டுப் பெண் பிறகு சொன்னாள்.

அவன் தாழ்வாரத்தைப் பார்த்தான். “ஏத்து, ஏத்து” என்று இறங்கி வந்து அவனே கால் பக்கம் பிடித்தான். உப்புக் குவியலுக்குப் போர்த்தக் கொண்டுபோன தார்ப்பாய் வண்டியில் கிடந்தது. அதை எங்கள் மேல் இழுத்து மூடினான். மூடியதும் எனக்கு மறுபடி பயம் பிடித்தது. மரக்காணம் போய்ச் சேரும்வரை அவள் முகத்துக்கு நேராக ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். வழியில் இரண்டு பக்கமும் உப்பளம் எது, கடல் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே தண்ணீர்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். நடுவில் அதிலேயே மருந்தையும் கலந்தார்கள். அது வெள்ளையாக, புகை மாதிரியே வந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். டாக்டர் என்னையும் உட்காரச் சொல்லி, தலை சுற்றுகிறதா என்று கேட்டார். சுற்றியது. எனக்கும் ஒரு மாஸ்க் வைத்தார்.

“புகை நின்னா ஆபத்து நின்னுச்சுன்னு நெனச்சிட்டீங்க. கங்குலேர்ந்து வர்ற காத்துலதான் வெஷமே. அதுக்குக் கலர் கெடையாது, வாசனை கெடையாது. மூடின ஊட்ல நெருப்பு வச்சா தூக்கத்துலயே முடிஞ்சிடும். என்ன வெறகு, என்ன குச்சின்னு இல்ல, எதுவா இருந்தாலும் அதான்.”

நான் மாஸ்க்குக்குள்ளேயே தலையாட்டினேன்.

சாயங்காலம் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினாள்.

“கஞ்சிய எறக்கினியா?”

“தூக்கிப் பின்னாடி போட்டுட்டேன்.”

“பாத்திரத்தோடயா?”

“ஆமா.”

“எங்கம்மா ஊட்டுப் பாத்திரம்” என்று மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். அந்த ஒரு வரியில் எனக்கு எல்லாம் திரும்பக் கிடைத்தது. இருந்தும் அவள் கண்ணை மூடியதும் மறுபடி அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வெயில் நாளில் அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். மச்சானும் வந்திருந்தான். அடுப்பு நசுங்கி வேலி ஓரம் கிடந்தது. கிண்ணத்தை எடுத்துப் பார்த்தான். வாங்கிச் சில மாதம்கூட ஆகவில்லை, ஓட்டை ஓட்டையாகத் துரு தின்றிருந்தது.

“எங்க கடை அடுப்பு வருஷக்கணக்கா ஓடுது மாமா. இது இன்னா கடல்ல முங்கின மாதிரி இருக்குது?”

நான் மிச்சக் குச்சியைக் குப்பையில் கொட்டலாம் என்று சாக்கை இழுத்து வந்தேன். அவள், “இரு” என்று கையைவிட்டு ஒரு குச்சியை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு நாக்கில் வைத்தாள்.

உப்பளத்தில் எல்லோரும் செய்வதுதான் அது. பாத்தியில் தண்ணீர் எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்போம். நானும் நாள் தவறாமல் அதைச் செய்கிறவன். இந்தக் குச்சியை ஒடித்துப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், எரித்துப் பார்த்தேன், சாம்பலைக் கிளறிப் பார்த்தேன். நாக்கில் மட்டும் வைக்கவில்லை.

அவள் தூவென்று துப்பினாள்.

“இது குச்சியாடா, கருவாடா?”

மச்சான் ஒன்றை நக்கிப் பார்த்தான். பிறகு சாக்கை உட்புறமாகப் புரட்டினான். தையல் ஓரமெல்லாம் ஈரத்தோடு உப்பு மின்னியது.

எங்கள் ஊரில் யாரும் சாக்கு வாங்குவதில்லை. நெல் கொட்ட, வறட்டி கொட்ட, மழைக்குத் தலையில் போட, வாசலில் கால் துடைக்க, எல்லாவற்றுக்கும் உப்புச் சாக்குதான். ஒரு உதறு உதறினால் சுத்தம். உப்பு எங்களுக்கு அழுக்கு இல்லை. கையில், தலைமுடியில், சோற்றில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருப்பது. அது சாக்கில் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அந்த உப்பு மழைக்காலக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் குச்சிக்குக் கொடுத்திருக்கிறது. குச்சி ஊதி உதிர்ந்திருக்கிறது. நெருப்பில் வெடித்ததும் உப்பு, மஞ்சளாக எரிந்ததும் உப்பு. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலாக நின்று உள்ளதை அப்படியே சொல்லியிருக்கிறாள். நாங்கள் சிரித்துவிட்டோம்.

சவுக்கா மல்லாட்டையா என்று நான் வைத்த பரீட்சையெல்லாம் கடைசியில் கவருக்கும் சாக்குக்கும் நடந்த பரீட்சை.

மச்சான் அடுப்பின் நசுங்கலைத் தட்டி எடுத்து, புதுக் கிண்ணம் வாங்கிப் போட்டான். பெயிண்ட் வாளி இரண்டைக் கழுவிக் காயவைத்து, ஒன்றில் சவுக்கு, ஒன்றில் மல்லாட்டை, இறுக்கி மூடி வைத்தோம். மறுபடி எரித்துப் பார்த்தேன். சவுக்கு சாம்பல் குறைவு, மல்லாட்டை கொஞ்சம் நின்று எரிகிறது. மற்றபடி பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் புகையவில்லை. கூனிமேட்டுப் பாய்க்கு இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போய், சொல்லாமலே வாங்கி வருகிறேன்.

ஆனால் டாக்டர் சொன்னது உப்பைப் பற்றி அல்ல. கங்கைப் பற்றி. அதனால் அந்த அடுப்பு இனிமேல் வாசற்படி தாண்டி உள்ளே வராது என்று நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். மழை அடித்தால் கேஸ்தான். அதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. “சரி” என்றாள். அவள் என்னைப் பார்த்துச் “சரி” என்று சொல்லும்போது, அன்று “புகையாதுன்னா கொண்டா” என்று சொன்னதும் கூடவே கேட்கிறது.

இன்று காலையிலும் மழை. ஜன்னலையும் இரண்டு கதவையும் திறந்து வைத்து, ட்யூபைத் தடவிப் பார்த்து, மோந்து பார்த்து, நான் கேஸைப் பற்ற வைத்தேன். அவள் குடையோடு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டாள். பால் பொங்கும்வரை அங்கேயேதான் நின்றாள். நான் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, ஒன்றும் ஆகவில்லை, வா என்று சைகை செய்தேன். அவள் வரவில்லை.

“அணைச்சிட்டியா?” என்றாள் அங்கிருந்தே.

“அணைச்சிட்டேன்.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்துட்டேன். வா.”

அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தாள். ஈரப் புடவையோடு என்னைக் கடந்து போகும்போது நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் மூச்சைக் கேட்டேன். ஒன்றும் இல்லை. சத்தம் இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டிருந்தாள்.